இடம் தேடிய மாணவர் மேகநாத் சாஹா

கல்கத்தாவுக்குப் புதிதாக வரும் நம் மாணவர் ரயிலை விட்டு இறங்கியதும் கேட்கும் முதற் கேள்வி, எந்தப் பேராசிரியர் நன்றாகப் பாடம் நடத்துவார் என்பதன்று. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைக்கு மேல் ஒரு கூரையும் வேளைக்கு ஒரு பிடி சோறும் நிச்சயமான பிறகுதான் எந்த மூளையும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கூரையைத் தருகிறவர் நம்மைக் கேட்கும் கேள்விகளும் சில உண்டு. ஊர் எது, மாமிசம் உண்டா, பெயரின் பின்பாதி என்ன? நம்மில் பலருக்குப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறதே ஒழியப் பின்னால் ஒன்றும் கிடையாது. பின்பாதியை வங்காளத்தில் டைட்டில் என்பார்கள். டைட்டில் இல்லாத மனிதனை எந்த வரிசையில் சேர்ப்பது என்று தெரியாமல் வீட்டுக்காரர் விழிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும்.

டைட்டில் இருந்தவர்களின் கதை வேறு. பெயரைச் சொன்ன மாத்திரத்தில், இன்னார் எந்தப் பந்தியில் உட்காரலாம், எந்தப் பந்தியில் உட்காரக் கூடாது என்பது தீர்ந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. அக் காலத்தில் இதே நகரத்துக்குப் படிக்க வந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகுகிறேன். பௌதிகம் படிக்கும் நண்பர்கள் அவருடைய சமன்பாட்டை அறிவார்கள். அவர் எங்கே தங்கினார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை அறிந்தவர் அவ்வளவு பேர் இரார். (நகரத்தின் பெயரை 2001 முதல் கொல்கத்தா என்று எழுதுகிறோம். அவர் வாழ்ந்த காலத்துப் பெயரையே நான் இங்கு வைத்துக்கொள்கிறேன்.)

மேகநாத் சாஹா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, டாக்கா ஜில்லாவில் ஷியோராதலி என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது வங்க தேசத்தைச் சேர்ந்த ஊர். மழைக்காலம் வந்தால் ஓடம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போக முடியாத சதுப்பு நிலம். தந்தை ஜகந்நாதர் ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுக் குழந்தைகளில் இவன் ஐந்தாமவன். பிறந்த இரவில் இடியும் மின்னலும் பெருமழையும் கலந்து அடித்தனவாம். அதனால் மேகங்களுக்குத் தலைவன் பெயரை வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. மேகநாதன் என்றால் நமக்கு இந்திரசித்து நினைவுக்கு வருவான். வங்காளிகளுக்கும் அப்படியே. மைக்கேல் மதுசூதன தத்தர் அந்த அரக்க குமாரனை வீரனாக வைத்துக் காவியமே பாடியிருக்கிறார்.

மளிகைக் கடைக்காரரின் மகனுக்கு எதற்குப் படிப்பு? தந்தைக்கு இந்தச் சந்தேகம் கடைசி வரைக்கும் இருந்தது. ஊர்த் தொடக்கப் பள்ளி முடிந்ததும் பையன் கடையில் உட்கார வேண்டியவன்தான். அடுத்த பள்ளிக்கூடம் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் சிமுலியா என்ற ஊரில் இருந்தது. தினமும் போய் வர முடியாத தூரம். அங்கே தங்க வைக்கப் பணமும் இல்லை. மூத்த அண்ணன் ஜெயநாதர்தான் வழி கண்டார். சிமுலியாவில் அனந்த குமார் தாஸ் என்ற வைத்தியர் இருந்தார். பையனைத் தம் வீட்டில் வைத்துச் சோறு போட அவர் இசைந்தார். காசு வேண்டாம். ஆனால் சாப்பிட்ட தட்டை அவனே கழுவிக்கொள்ள வேண்டும். வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டைக் கழுவுவது பெரிய காரியமா என்று கேட்கலாம். இன்று ஹாஸ்டலில் நாம் எல்லோரும் கழுவுகிறோம். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பொருள் வேறு. சாஹா என்பது வியாபாரம் செய்யும் சாதி. மேல் சாதியார் அதைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அந்தப் பையன் உண்ட எச்சில் பாத்திரத்தை அந்த வீட்டில் வேறு யாரும் தொட முடியாது. அந்த வைத்தியரை நான் குறை சொல்ல மாட்டேன். யாரோ ஒரு கடைக்காரர் பிள்ளைக்கு அவர் ஆண்டுக் கணக்கில் சோறு போட்டார். சாஹாவும் அந்த நன்றியை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஆனால் கருணையும் கோடும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும் என்பதை அந்தப் பையன் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டான்.

1905-இல் நடந்த பரீட்சையில் டாக்கா ஜில்லா முழுவதுக்கும் முதல்வனாகத் தேறினான். மாதம் நான்கு ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. டாக்கா நகரத்துக் காலேஜியேட் பள்ளியில் சேர்ந்தான். நான்கு ரூபாயில் நகரத்தில் எப்படி வாழ்வது? சணல் கம்பெனியில் இருபது ரூபாய் சம்பளம் வாங்கிய அண்ணன் ஜெயநாதர் மாதம் ஐந்து ரூபாய் அனுப்பினார். கிழக்கு வங்க வைசியர் சங்கம் ஒன்று இரண்டு ரூபாய் கொடுத்தது. ஆக மாதத்துக்குப் பதினொரு ரூபாய். இதில்தான் வாடகை, சோறு, துணி, புத்தகம் எல்லாம். சாதிச் சங்கங்களை எள்ளி நகையாடுவது நம் வயதுக்கு எளிது. ஆனால் மற்ற கதவுகள் அடைத்துக் கிடந்தபோது ஒரு மாணவன் நகரத்தில் காலூன்ற அந்த இரண்டு ரூபாய் உதவியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தப் பதினொரு ரூபாயும் நிலைக்கவில்லை. 1905 வங்கப் பிரிவினை ஆண்டு. புதிய மாகாணத்தின் லெப்டினண்ட் கவர்னர் புல்லர் துரை பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் பகிஷ்காரம் செய்தார்கள். மேகநாத்தும் சேர்ந்துகொண்டான். பள்ளியிலிருந்து நீக்கினார்கள், உபகாரச் சம்பளமும் போயிற்று. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி என்ற தனியார் பள்ளி அவனை ஏற்றுச் சம்பளமில்லாமல் படிக்க வைத்தது. 1909-இல் பிரவேசப் பரீட்சையில் கிழக்கு வங்கத்திலேயே முதல் இடம். பிறகு டாக்கா கல்லூரியில் இரண்டு ஆண்டு இண்டர்மீடியட். அங்கே ஜெர்மன் மொழியையும் கற்றுக்கொண்டார். அந்த மொழி பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1911-இல் கல்கத்தா. அந்த ஆண்டு டிசம்பரில்தான் இந்தியாவின் தலைநகரை டில்லிக்கு மாற்றுவதாக அரசர் அறிவித்தார். ஆனால் தலைநகர் என்ற பெயர் போனாலும் நகரம் சிறுத்துவிடவில்லை. மார்வாரி வியாபாரி, பீகார்க் கூலி, சீனத் தச்சன், அர்மீனியர், யூதர், ஆங்கிலேயர் எல்லோரும் கலந்து வாழ்ந்த ஊர். வங்காளிக்குள்ளேயே இரண்டு ரகம்: மேற்கத்தியான், கிழக்கத்தியான். கிழக்கு வங்கத்தான் வாயைத் திறந்தால் அவனுடைய உச்சரிப்பைக் கேட்டு மேற்கத்தியான் சிரிப்பான். மதுரைத் தமிழும் நாஞ்சில் தமிழும் சென்னையில் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரசிடென்சிக் கல்லூரியில் பி. எஸ்ஸி. கணித வகுப்பில் சேர்ந்தார் சாஹா. எப்படிப்பட்ட வகுப்பு அது! சத்யேந்திரநாத் போஸ் உடன் படித்தவர். ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் அதே ஆண்டுத் தோழர்கள். மஹலநோபிஸ் ஓராண்டு மூத்தவர். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். வகுப்பறைக்குள் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை வகுப்பு முடிந்து தங்குமிடம் திரும்பிய பிறகுதான்.

தங்குமிடம் ஈடன் ஹிந்து ஹாஸ்டல். அந் நாளில் மாணவர் விடுதிகள் மதத்தின்படியே பிரிந்திருந்தன. முஸ்லிம் மாணவருக்கு 1910-இல் பேக்கர் ஹாஸ்டல் ஏற்பட்டிருந்தது. ஹிந்துக்களுக்கு ஈடன். ஆனால் ஹிந்து என்று ஒரே பலகை தொங்கினாலும் உள்ளே எல்லோரும் ஒரே ஹிந்து அல்ல. சாஹா தங்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று மேல் சாதி மாணவர் சிலர் ஆட்சேபித்தார்கள். சரஸ்வதி பூஜை வந்தது. எல்லா மாணவரும் புஷ்பாஞ்சலி செய்யும் நாள். இவரை அருகே வர விடவில்லை. கல்விக்கு என்று வைத்த தெய்வம். ஜில்லாவிலும் மாகாணத்திலும் முதலாவதாகத் தேறிய மாணவர். அவர் பூப் போடக் கூடாது! தடுத்தவர்கள் கிராமத்துக் கிழவர்களாக இருந்தால் மனம் சிறிது ஆறும். அவர்கள் நியூட்டனையும் மில்லையும் படித்துக்கொண்டிருந்த பிரசிடென்சி மாணவர்கள்.

வங்காளியைப் பார்த்துத் தமிழன் விரல் நீட்ட வேண்டியதில்லை. தேசத் தொண்டர்களை உருவாக்க ஏற்பட்ட நம் சேரன்மாதேவிக் குருகுலத்தில் 1920-களில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே சோறு போட்டார்கள் என்பதை வைத்துத் தமிழ்நாடே இரண்டுபட்டது. சோறும் படிப்பும் சேரும் இடத்தில்தான் இந்த நோய் முதலில் வெளியே தெரிகிறது.

சாஹா ஹாஸ்டலை விட்டு வெளியேறினார். மேகநாத் என்று இருந்த பெயரை மேகநாத என்று இந்திரசித்தின் பெயராகவே மாற்றி எழுதத் தொடங்கியதும் இந்த அவமானங்களின் விளைவுதான் என்று சிலர் சொல்வார்கள். தேவர்களோடு பொருதவன் பெயர்! இருந்தாலும் இருக்கலாம்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் காலேஜ் தெருவில் 110-ஆம் எண் மெஸ். மெஸ் என்றால் நம் ஊரில் சாப்பாட்டுக் கடை. கல்கத்தாவில் அது தங்கும் வீட்டையும் சேர்த்துக் குறிக்கும். பத்துப் பதினைந்து பேர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள். சமையலுக்கு ஒருவர், எடுபிடிக்கு ஒருவர். மாதம் ஒருவர் மானேஜர் பொறுப்பு ஏற்று மார்க்கெட்டுக்குப் போய் மீன், காய்கறி வாங்கிக் கணக்கு எழுத வேண்டும். மாதக் கடைசியில் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொள்வார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனும் ஒரு கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமங்களிலிருந்து வந்த எத்தனையோ குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் இந்த மெஸ்களே கல்கத்தா.

110-ஆம் எண்ணில் சாஹாவோடு தங்கியவர்களில் ரசாயனம் படித்த நீலரதன் தர், ஞான கோஷ், ஞானேந்திர முகர்ஜி ஆகியோர் இருந்தார்கள். பின்னாளில் இந்தியாவில் ரசாயன ஆராய்ச்சியை வளர்த்தவர்கள் இவர்களே. ஒரு மெஸ் வீட்டுத் தாழ்வாரத்தில் இத்தனை மூளைகள் ஒன்றாக உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டிருக்கின்றன! இவர்களில் மேல் சாதியாரும் உண்டு. ஹாஸ்டலின் ஆசாரத்தைக் காட்டிலும் நண்பனின் பக்கத்து இடம் இவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் எண்ணத்தில், ஒரு பெரிய நகரம் தரக்கூடிய கொடை இதுதான். ஒரு கதவு அடைபட்டால் அடுத்த தெருவில் இன்னொரு கதவு இருக்கும். ஷியோராதலியில் அடுத்த தெரு கிடையாது.

அந்த மெஸ்ஸுக்குப் புரட்சி வீரர் பாகா ஜதின் வந்து போவதுண்டு. சாஹா குண்டு எறியப் போகவில்லை. அவர் போனது வெள்ள நிவாரணத்துக்கு: 1913-இல் தாமோதர் நதி பெருகி ஊர்களை அழித்தபோது தொண்டர்களோடு சேர்ந்து பணியாற்றினார். ஆனால் போலீஸ் குறித்து வைத்துக்கொண்டது. பி. எஸ்ஸி.யிலும், 1915-இல் எம். எஸ்ஸி.யிலும் போஸ் முதலாவது, சாஹா இரண்டாவது. நிதி இலாகாப் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அவருடைய திட்டம். சந்தேகத்துக்கு உரியவர் என்று பரீட்சைக்கே அனுமதி மறுத்துவிட்டார்கள்.

அதே நிதி இலாகாப் பரீட்சையில் தேறி 1907-இல் கல்கத்தாவுக்கு வந்தவர் நம் ராமன். அவர் உத்தியோகஸ்தராக, மனைவியோடு வந்தார். பௌபஜாருக்கு அருகே ஸ்காட் சந்தில் வீடு பிடித்தார். டிராமில் போகும்போது விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பலகை கண்ணில் பட்டது. மறு நாட்களில் உள்ளே நுழைந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். இதைச் சொல்வது ராமனுடைய உழைப்பைக் குறைக்க அல்ல. ஒரே நகரம் இருவரை வரவேற்ற விதம் எவ்வளவு வேறு என்று காட்டத்தான்.

உத்தியோகம் இல்லாத சாஹா ட்யூஷன் சொல்லிக்கொடுத்தார். தாமும் பிழைக்க வேண்டும், தம்பியையும் படிக்க வைக்க வேண்டும். காலையும் மாலையும் சைக்கிளில் ஏறி நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ப் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கல்கத்தாவின் சந்து பொந்துகளை அவர் கற்றது அப்படித்தான். இந்த ஊர் வெயிலிலும் ஆனி மழையிலும் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

1916-இல் விடிவு வந்தது. துணை வேந்தராக இருந்து பல்கலைக் கழகத்தையே புதுப்பித்த அசுதோஷ் முகர்ஜி புதிய விஞ்ஞானக் கல்லூரியில் போஸையும் சாஹாவையும் ஆசிரியர்களாக அமர்த்தினார். கணித இலாகாத் தலைவரோடு ஒத்துப் போகாமல் இருவரும் பௌதிகத்துக்கு மாறினார்கள். பௌதிகத்தை முறையாகக் கற்றவர் அல்லர். முந்திய நாள் இரவு படித்து மறு நாள் பாடம் நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். டாக்காவில் கற்ற ஜெர்மன் இப்போது கை கொடுத்தது. ஐன்ஸ்டீனுடைய சார்பியல் கட்டுரைகளை இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1920-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் அதை வெளியிட்டது.

அதே 1920-இல் சாஹாவின் பெயரை உலகம் அறிந்தது. விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒன்றில் ஹைட்ரஜன் கோடுகள் மிகுந்து தெரியும், இன்னொன்றில் கால்சியம், வேறொன்றில் ஹீலியம். எனவே விண்மீன்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து எழுத்துக்கள் இட்டு வைத்திருந்தார்கள். இந்த வேறுபாடு எதனால்? ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளால் ஆனதா? சாஹா சொன்ன விடை: வெப்பமும் அழுத்தமும். வெப்பம் ஏற ஏற அணுவிலிருந்து எலெக்ட்ரான் கழன்று போகிறது. எத்தனை பங்கு அணுக்கள் அப்படி அயனியாகும் என்பதைக் கணக்கிட அவர் ஒரு சமன்பாடு தந்தார். கழன்ற அணுவின் கோடுகள் வேறு, கழலாத அணுவின் கோடுகள் வேறு. ஒரே பொருள்தான், சூடு வேறாகையால் முகம் வேறாகத் தெரிகிறது. 1925-இல் சிசிலியா பெய்ன் இதே சமன்பாட்டைக் கையாண்டு, விண்மீன்களில் பெரும் பகுதி ஹைட்ரஜனே என்று கணக்கிட்டார். வகுப்பு பிரிக்கப்பட்டவரிடமிருந்துதான் வகுப்புகளுக்குக் காரணம் வர வேண்டும் என்று இருந்தது போலும்.

உபகாரச் சம்பளம் பெற்று அவ்வாண்டே லண்டன் சென்றார். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ தங்கிப் படிக்கக் கைப்பணம் போதாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபௌலரின் ஆய்வுக் கூடத்தில் பிரசிடென்சிக் காலத்து நண்பர் ஒருவர் இருந்தார். அவர் காட்டிய வழியில் அங்கேயே சேர்ந்தார். அந்நிய ஊரில் முதல் விலாசம் பழைய நண்பனுடைய விலாசந்தான். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. சில மாதங்களுக்குப் பின் பெர்லினுக்குப் போய் நெர்ன்ஸ்டின் கூடத்தில் சோதனைகள் செய்தார். 1921-இல் கல்கத்தா திரும்பினார்.

பின்னாட்களை விரைவாகவே சொல்லிவிடலாம். பாடப் புத்தகங்களில் அவை கிடைக்கும். கல்கத்தாவில் ஆராய்ச்சிக்குப் பணமும் கருவியும் கிடைக்காமல் 1923-இல் அலகாபாத் போனார். பதினைந்து ஆண்டுகள் அங்கே. 1927-இல் ராயல் சொஸைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. (அலகாபாத் பௌதிகப் பேராசிரியர் பதவி 1942-இல் நம் கே. எஸ். கிருஷ்ணனுக்கு வந்தது.) 1938-இல் பாலித் பேராசிரியராக மறுபடியும் கல்கத்தா. அணுக்கருப் பௌதிக நிலையம் ஒன்றை எழுப்பினார். 1950-இல் ஐரீன் ஜோலியோ கியூரி வந்து திறந்து வைத்தார். அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பஞ்சாங்கத்தைச் சீர்திருத்த சர்க்கார் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர்.

ஆனால் 1947-க்குப் பின் நடந்தது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தேசம் பிரிந்தது. ஷியோராதலி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போயிற்று. ஸியால்டா ரயில் நிலையத்தில் கிழக்கு வங்கத்து அகதிகள் வந்து குவிந்தார்கள். பிளாட்பாரத்திலேயே சமைத்து, பிளாட்பாரத்திலேயே படுத்தார்கள். அவர்கள் பேசிய பேச்சு சாஹா பிறந்த ஊர்ப் பேச்சு. ஐம்பத்தைந்து வயதை நெருங்கிய உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிக்கு ஆய்வுக் கூடத்தில் வேலை இல்லாமலா போயிற்று? இருந்தும் கிழக்கு வங்க நிவாரணக் குழுவில் முன்னின்று உழைத்தார். 1952-இல் கல்கத்தா வடமேற்குத் தொகுதியிலிருந்து லோக சபைக்குச் சென்றார். அங்கே அணுசக்தியைப் பற்றியும் ஆற்று அணைகளைப் பற்றியும் பேசியது போலவே, வீடிழந்தவர்களுக்கு நிலமும் கூரையும் தருவதைப் பற்றியும் விடாமல் பேசினார். மந்திரிகளுக்கு அவர் பேச்சு இனிக்கவில்லை. விஞ்ஞானிக்கு அரசியல் எதற்கு என்றவர்களும் உண்டு. தாமோதர் வெள்ளத்தில் இறங்கிய மாணவரை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

1956 பிப்ரவரி 16-ஆம் தேதி, டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது வழியிலேயே மாரடைப்பால் சாய்ந்தார். அப்போது வயது அறுபத்திரண்டு. உடலைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து மறு நாள் கேவராதலா மயானத்தில் தகனம் செய்தார்கள்.